மூலைக்குப் போகாத பொடி

போன திங்கட்கிழமை பிரபு போன் செய்தார். அரியமங்கலத்தில் நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த பட்டறையில் இப்போது அவர்தான் சூப்பர்வைசர். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே புது மெஷின் இறங்கியிருக்கிறது. ஆள் பிடிக்காமலே நாலு கன் மேலும் கீழும் போய்ப் பொடி அடிக்குமாம்.

"அக்கா, மெஷின் எல்லா எடத்துலயும் அழகா அடிக்குது. பொட்டிக்குள்ள மூலையில மட்டும் பொடி போக மாட்டேங்குது. வெறும் தகரம் பல்லை இளிக்குது."

"கரண்ட் நாப் எதுல வச்சிருக்கீங்க?"

"நாப் எல்லாம் இல்லக்கா, ஸ்க்ரீன்தான். நூறுல வச்சிருக்கோம். அதுக்கு மேல ஏற மாட்டேங்குது, அதான் கவலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவரைப் பார்த்து இல்லை. அதே கவலையை நானும் ஒரு காலத்தில் பட்டிருக்கிறேன், அந்தச் சிரிப்பு.

"எதையும் தொடாதீங்க. வியாழக்கிழமை நேர்ல வரேன்" என்று வைத்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி காதோடு போய்விடும். தொழிற்பேட்டை மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்திலும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

பவுடர் கோட்டிங் என்றால் பெயிண்ட் அடிப்பதுதானே என்று என் சம்பந்தி வீட்டில்கூடக் கேட்பார்கள். பெயிண்ட் ஈரம். இது பொடி, கோலப்பொடியைவிட மென்மையான பிளாஸ்டிக் பொடி. பொடியைப் பீய்ச்சுகிற கன் முனையில் ஒரு ஊசி உண்டு. அதில் பல ஆயிரம் வோல்ட் நிற்கும். பயப்பட வேண்டாம், வோல்ட்தான் மலை, கரண்ட் கடுகளவு. காற்றோடு வெளியே வரும் பொடி அந்த ஊசியிடம் கொஞ்சம் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு வரும். எதிரே கொக்கியில் இரும்புச் சாமான் தொங்கும், அதை நாங்கள் ஜாப் என்போம். ஜாப் கொக்கி வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். பொடி ஓடிப் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். அப்படியே ஓவனில் ஏற்றினால் உருகிப் பரவி, ஆறியதும் கெட்டிப் பூச்சாகிவிடும். கதை இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்குள்தான் என் ஆயுசு போயிற்று.

நான் பிறந்தது திருவெள்ளறை. வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கம். படிப்பு எட்டாவது. மூன்று பிள்ளைகளும் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் வேலைக்குக் கிளம்பினேன். முதல் நாலு வருஷம் கொக்கி சுத்தம் செய்கிற வேலை. ஜாப்பில் ஒட்டுகிற பொடி கொக்கியிலும் ஒட்டும். நாலு தடவை ஓவனுக்குள் போய் வந்தால் கொக்கிக்கே தோல் முளைத்துவிடும், எர்த் போகாது. எர்த் இல்லாத ஜாப்புக்கு முன்னால் கன்னை ஆட்டுவது, பூட்டின வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது மாதிரி. அந்தத் தோலைச் சுட்டு, அரம் போட்டுத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிய வைப்பேன். "ஆயிரம் பொன்னுல யானை வாங்கி அரைப்பணத்துல அங்குசம் வாங்க மாட்டேங்கிறானுங்க" என்று டீக்கடைக்காரர் யாரையோ பற்றிச் சொல்வார். எனக்கு என் கொக்கிதான் ஞாபகம் வரும்.

கன் பிடித்தவர் நூர் பாய். ஷார்ஜாவில் பதினஞ்சு வருஷம் இதே வேலை செய்துவிட்டு வந்து பாலக்கரையில் வீடு கட்டிக்கொண்டவர். முழுக்கை வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பட்டன். பொடி அடிக்கிற அறையான பூத்துக்குள் போகுமுன் வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். செருப்பை வெளியே விடுவார். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று, "பிஸ்மில்லா" என்று மெல்லச் சொல்லி, அப்புறம்தான் கன்னை எடுப்பார். கன் மாட்ட சுவரில் ஒரு ஆணி உண்டு. அவர் அடித்த ஆணி. வேறு யாரும் அதில் சட்டைகூட மாட்டியதில்லை. மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற நாபில், வழக்கமாக வைக்க வேண்டிய இடத்தில், தன் மகளின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். "அந்தக் கோட்டுக்கு மேலே ஏத்தினா பொடி ஒட்டாது, சண்டை போடும்" என்பார். பேச்சு எப்போதும் தணிவாகத்தான் இருக்கும். திட்டுவதென்றாலும் பக்கத்தில் வந்து நின்று திட்டுவார். தூரத்திலிருந்து கத்தி நான் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்களுக்கு அடிக்கடி வளைய ஜாப் வரும். பெரிய பைப்புகளை இணைக்கிற இடத்தில் மாட்டுகிற அகலமான இரும்பு வளையம், ஒரு சாண் ஆழம் இருக்கும். வெளிப்பக்கம் முழுக்கச் சிவப்புக் கோட்டில் வைத்து அடிப்பார். உள்பக்கத்துக்கு வரும்போது நின்று, நாபைப் பாதிக்குத் திருப்பி, "உள்ளே போறப்ப குரலைத் தாழ்த்தணும்" என்று சொல்லிவிட்டு அடிப்பார். ஒவ்வொரு வளையத்துக்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை என்றாலும் நாற்பது தடவையும் சொல்வார்.

"பாய்க்கு பைப்பு வளையம்கூட பள்ளிவாசல்தான்" என்று வெல்டிங் பக்கத்து ஆட்கள் கேலி செய்வார்கள்.

"சிரிங்க, சிரிங்க. சத்தம் போட்டுச் சிரிச்சா பொடி பறக்கும், வெளியே போய்ச் சிரிங்க" என்பார்.

நானும் அதை அவருடைய மரியாதை என்றுதான் நினைத்தேன். சாமிக்கு முன்னால் குரலைத் தணிக்கிறவர், வளையத்துக்கும் தணிக்கிறார், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். அது எனக்குத் தெரிய இன்னும் நாலு வருஷம் இருந்தது.

அந்த நாலு வருஷத்துக்குள் பாய் என் கையில் கன் கொடுத்தார். கொக்கி வேலையைப் பார்த்துத்தான் கொடுத்தார். "எர்த்துக்கு மரியாதை தெரிஞ்சவங்களுக்குத்தான் கன்னு" என்று முதலாளி செல்வராஜிடம் சொன்னாராம். முதலாளிக்கு அரை மனசு. பெண்பிள்ளை கன் பிடித்து அந்தப் பேட்டையிலேயே யாரும் பார்த்ததில்லை. தட்டையான தகடுகள், கேட் கம்பிகள், நாற்காலிக் கால்கள் என்று வெளி வேலை எல்லாம் நான் அடிப்பேன். வளையம், குழாய், பெட்டி மாதிரி உள் வேலை வந்தால் பாய் வாங்கிக்கொள்வார்.

அப்படி இருக்கையில் பாய் உம்ரா யாத்திரைக்குக் கிளம்பினார். இருபது நாள். "தங்கச்சி, துஆ செய்றேன். கோட்டைத் தாண்டாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய் ஐந்தாம் நாள் இருபத்துநாலு பெட்டி வந்து இறங்கியது.

காவிரிக் கரையில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் கொட்டகைகளில் மாட்டுகிற கண்ட்ரோல் பெட்டி. முன்பக்கம் திறப்பு, மற்ற ஐந்து பக்கமும் அடைப்பு. முழங்கை வரை கைவிட்டால்தான் பின்சுவர் தட்டுப்படும். ஆற்று ஈரம் வருஷம் முழுக்க அடிக்கிற இடம். உள்மூலையில் பூச்சு இல்லையென்றால் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்து, ஓட்டை விழுந்து, தண்ணீர் உள்ளே போகும். உள்ளே மின்சாரம். ஈரக்கையோடு சுவிட்ச் போடுகிற ஆள் என்ன ஆவார்?

"பாய் வர வரைக்கும் நீதான் சகுந்தலா. முடியுமா?" என்றார் முதலாளி.

"முடியும்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

சிவப்புக் கோட்டில் வைத்து முதல் பெட்டிக்குள் அடித்தேன். விளிம்பில் பொடி மெத்தையாக ஏறியது. பின்மூலையில் தகரம் அப்படியே தெரிந்தது. இழுப்பு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று கோட்டைத் தாண்டி நாபை ஏற்றினேன். போதவில்லை. கடைசிவரை ஏற்றினேன். காற்றையும் கூட்டினேன். பொடி புயலாகப் போயிற்று. இருபத்துநாலையும் அடித்து ஓவனில் ஏற்றி இறக்கினேன். வெளியே பார்த்தால் கண் கூசுகிற பளபளப்பு. உள்ளே இருட்டு. மூலை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரியாததை நல்லது என்று வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்டி வாங்குகிற அலுவலகத்து ஆள். தேசிகன் சார். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நெற்றியில் திருமண், கையில் தோல் பை. பையைத் திறந்து முதலில் ஒரு சின்ன டார்ச், அடுத்து பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி, கடைசியாக ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஒன்றைப் பயன்படுத்திவிட்டு அதே இடத்தில் வைத்த பிறகுதான் அடுத்ததை எடுப்பார். கண்ணாடியைப் பெட்டிக்குள் விட்டு, டார்ச் அடித்து, மூலை மூலையாகப் பார்த்தார். ஸ்கேலால் மூலையைச் சுரண்டினார். தகரத்தின் மேல் தகரம் உரசுகிற சத்தம்.

"வெளியில அலங்காரம் பிரமாதமா பண்ணியிருக்கேள்" என்றார். "ஆனா அலங்காரம் சேவிக்கிறவாளுக்குத்தான். ஈரம் எந்த வாசல் வழியா வரும்னு பாக்கணுமோல்லியோ? மூலைதான் அதுக்கு வாசல். எல்லாத்தையும் மறுபடி அடிங்கோ. வெள்ளிக்கிழமை வரேன்."

அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"வெள்ளிக்கிழமையும் தேறலைன்னா பொட்டி ஆர்டர் கோயம்புத்தூர்க் கம்பெனிக்குப் போயிடும். நீ கன்னை ஆணியில மாட்டிட்டு மறுபடி கொக்கிக்குப் போயிடு. பாய்க்குத் துணையா வேற ஒரு ஆம்பளையைப் பாத்துக்கறேன். உன்னைச் சொல்லிக் குத்தமில்ல சகுந்தலா. நான்தான் அகலக்கால் வச்சுட்டேன்."

கொக்கி வேலை கேவலம் இல்லை. நாலு வருஷம் செய்தவள் நான். ஆனால் ஒரு தடவை கன் என் கையை விட்டுப் போனால், "பொம்பளை கையில கொடுத்தாங்க, இருபத்துநாலு பொட்டி திரும்பி வந்துச்சு" என்பது பேட்டை முழுக்கப் பழமொழியாகிவிடும். எனக்குப் பின்னால் எந்தப் பெண்ணுக்கும் யாரும் கன் கொடுக்க மாட்டார்கள். ஜனங்கள் சொல்கிற சொல்லைச் சேர்த்து வைக்கிறவள் நான். நானே ஒரு சொல்லாக மாறிவிடக் கூடாது என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன்.

பாய்க்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் தடவை ஸ்விட்ச் ஆஃப். அவர் அங்கே போனது என் நாபைப் பற்றிப் பேசவா?

புதன்கிழமை காலையில் பெட்டிகளின் பூச்சை எரித்துத் தேய்த்து, தொட்டிகளில் முக்கிக் காயவைக்கிற வேலையை மற்றவர்கள் பார்த்தார்கள். முதலில் காய்ந்த பெட்டியை நான் பூத்தில் தொங்கவிட்டேன். செருப்பைக் கழற்றினேன். கொக்கியைத் தேய்த்து எர்த் பார்த்தேன், சரியாக இருந்தது. பொடியை அடைத்துவிட்டு, காற்றையும் அடைத்துவிட்டு, கன்னில் கோளாறா என்று பார்க்க மின்சாரத்தை மட்டும் ஏற்றினேன். வலது கையில் கன். பின்மூலையில் ஏதாவது அழுக்கு தங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க இடது கையைப் பெட்டிக்குள் விட்டேன்.

கன் பக்கத்தில் போனால் கைமயிர் சிலிர்த்து நிற்கும். இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அன்றைக்கு அந்த எறும்பு பெட்டியின் விளிம்பு வரை ஊர்ந்தது. கை உள்ளே போகப்போக எறும்பு நின்றுவிட்டது. வெளியே இழுத்தால் சிலிர்ப்பு, உள்ளே விட்டால் ஒன்றும் இல்லை. நாலு தடவை செய்து பார்த்தேன். சொந்த உடம்பு சொல்வதை நம்பவும் முடியாது, நம்பாமலும் இருக்க முடியாது.

சாப்பாட்டுப் பையில் பூக்கட்டுகிற நூல்கண்டு இருந்தது. விரல் நீளத்துக்குப் பத்துத் துண்டு வெட்டி, மின்சாரம் பற்றட்டும் என்று தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பெட்டியின் விளிம்பில் நாலு, கூரையின் நடுவில் மூன்று, பின்சுவரை ஒட்டி மூன்று என்று டேப்பால் ஒரு முனையை மட்டும் ஒட்டித் தொங்கவிட்டேன். எதிரே நின்று மின்சாரத்தை ஏற்றினேன்.

விளிம்பில் இருந்த நாலு நூலும் எழுந்து கன்னை நோக்கி நீட்டிக்கொண்டன. நடுவில் இருந்தவை லேசாகத் தலை அசைத்தன. பின்சுவரில் இருந்த மூன்றும் செத்த பல்லி வால் மாதிரி தொங்கின. நாபைக் கடைசிவரை ஏற்றினேன். விளிம்பு நூல்கள் ஆட்டம் போட்டன. உள்ளே இருந்தவை அசையவே இல்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து தினம் நான் வந்த ஒன்றாம் நம்பர் பஸ் அப்போது கண் முன்னால் வந்து நின்றது. கண்டக்டர் ஒருவர் உண்டு, "படியிலதான் திருவிழா, உள்ளே மைதானம்! உள்ளே போங்க சாமி" என்று கத்திக்கொண்டே வருவார். பெட்டியும் அந்த பஸ்தான். இழுப்பெல்லாம் விளிம்பில் கூடி நிற்கிறது. பொடி வாசலுக்கு வந்த உடனே விளிம்பு பிடுங்கிக்கொள்கிறது. நான் நாபை ஏற்ற ஏற்றப் படியில்தான் கூட்டம் ஏறியிருக்கிறது, உள்ளே ஒருத்தரும் போகவில்லை.

அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்? இழுப்பைக் குறைக்க வேண்டும். நினைத்த உடனே, ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்ட குரல் காதில் விழுந்தது. உள்ளே போறப்ப குரலைத் தாழ்த்தணும்.

எட்டு வருஷம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். வேலையின் படி ஒன்றை ஒருத்தருடைய பக்தி என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். வளையத்துக்குச் சொன்னது பெட்டிக்கும் பொருந்தும் என்று ஏன் தோன்றவில்லை? வளையத்தைவிடப் பெட்டி ஆழம், பின்பக்கமும் அடைப்பு, அதற்கு இன்னும் தாழ்த்த வேண்டும்.

மீதிப் பொழுது முழுக்க ஒரே பெட்டியில் அடிப்பதும் ஊதித் துடைப்பதும் மறுபடி அடிப்பதுமாகப் போயிற்று. கையில் வந்து நின்ற முறை இது. நாபைப் பாதிக்கும் கீழே இறக்கு. காற்றையும் இறக்கு, பொடி புகையாக மிதந்து போகட்டும், வேகமாகப் போனால் மூலையில் மோதித் திரும்பி வந்துவிடும். கன் முனையில் பொடியை விரித்து அடிக்கிற விசிறி மூக்கைக் கழற்றிவிட்டுப் பட்டை மூக்கு மாட்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் பின்மூலை நாலும், அப்புறம் உள்சுவர், அப்புறம் கூரை. விளிம்பு கடைசி. வெளிப்பக்கம் அதற்கும் கடைசி, அப்போதுதான் நாபைப் பாயின் கோட்டுக்கு ஏற்று. இழுப்பு குறைந்தால் பொடி எப்படி ஒட்டும் என்று கேட்கலாம். மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் பொடி சுமந்து வந்த மின்சாரமே பக்கத்துச் சுவரைப் பற்றிக்கொள்ளப் போதும். வழியில் யாரும் பிடுங்காமல் இருந்தால் சரி. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் பொடிக்காகவே சொன்ன மாதிரி இருந்தது.

நாப் நின்ற இடம் மறந்துவிடக் கூடாதே. பாயின் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே, என் நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன்.

வியாழக்கிழமை இருபத்துநாலையும் அடித்தேன். முதல் பெட்டியில் கை கொஞ்சம் தடுமாறியது. நாலாவதிலிருந்து கைக்கு வழி தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தேசிகன் சார் வந்தார். டார்ச், கண்ணாடி, ஸ்கேல் மறுபடி வரிசையாக மேஜைக்கு வந்தன. எல்லாப் பெட்டியையும் பார்த்தார். சுரண்டினார். இந்தத் தடவை தகரச் சத்தம் இல்லை. முதலாளி மூச்சு விட்டார். அப்போது சார் சொன்னார்:

"நன்னாத்தான் இருக்கு. ஆனா பின்மூலையில என் மீட்டர் எட்டமாட்டேங்கிறது. ஒண்ணை அறுத்துப் பாத்துடலாம்."

"சார், நல்ல பொட்டி சார்!" என்றார் முதலாளி.

"நல்லதுன்னு எப்படித் தெரியும் ஓய்? அறுத்தாத்தானே தெரியும்?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதானே அடிச்சேள்? நீங்களே ஒண்ணை எடுத்துக் குடுங்கோ."

எந்தப் பெட்டி எப்படி வந்தது என்று என் கைக்குத் தெரியும். பதினேழாவது பெட்டி தங்கம். முதல் பெட்டி மேல் எனக்கே சந்தேகம். பதினேழைக் காட்டினால் தேறிவிடும், கன் என் கையில் நிற்கும். முதலாளி கண்ணாலேயே அந்தப் பக்கம் காட்டினார். ஆனால் முதல் பெட்டியும் ஏதோ ஒரு கொட்டகையில் போய் மாட்டப்போகிறதுதானே? நல்லதை எடுத்துக் கொடுத்தால் சார் ஏமாறலாம். ஆற்று ஈரம் ஏமாறாது.

"இது நான் முதல்ல அடிச்சது சார். இதை அறுங்க" என்றேன்.

முதலாளி தலையில் கை வைத்தார். யாரோ கிரைண்டரை எடுத்து வந்தார்கள். சூட்டில் பூச்சு கருகிவிடும், வேண்டாம் என்று நான்தான் ஹேக்ஸா பிளேடு போடச் சொன்னேன். இரண்டு பேர் மாற்றி மாற்றி அரைமணி நேரம் அறுத்தார்கள். முன்பாதி தனியாக வந்ததும் பின்பாதியின் நாலு மூலையும் வெளிச்சத்தில் வந்து நின்றன. சாம்பல் நிறம், நாலிலும். சார் பூச்சின் கனம் பார்க்கிற மீட்டரை வைத்தார். நாற்பது மைக்ரான் இருந்தால் போதும், அதற்குக் கீழே என்றால் கழிவு.

"அறுபத்திரண்டு" என்றார். அடுத்த மூலை. "அம்பத்தெட்டு." அடுத்தது. "அறுபது." கடைசி மூலையில் மீட்டரை வைத்துவிட்டு, எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். மூன்றாம் தடவையும் வைத்தார்.

"நாப்பத்துமூணு. தேறிடுத்து, ஆனா மூச்சு வாங்கறது" என்று சிரித்தார். "இதுதான் உங்களுக்குச் சந்தேகமா இருந்த பொட்டியா?"

"ஆமா சார்."

"அப்ப மத்ததை அறுத்துப் பாக்க வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டார். பையை மூடுகிறபோது, "எப்படிம்மா பண்ணினேள்?" என்று கேட்டார். நூல் கதையைச் சொன்னேன். மனுஷர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் குந்தி, சாக்பீஸால் ஒரு பெட்டியும் ஒரு வளையமும் வரைந்தார்.

"புஸ்தகத்துல இதை மின்புலம்னு போட்டிருக்கா. உலோகத்துக்குள்ள அது நுழையாது. இந்த மாதிரி குழிக்குள்ள லேசா எட்டிப் பாக்கும், அதோட சரி. எல்லாப் பக்கமும் மூடிட்டா அதுவும் கிடையாது. வளையம்னா இன்னொரு வேடிக்கை. சுத்திவர ஒரே மாதிரி மின்சாரம் ஏத்தின மெல்லிசு வளையத்துல, சரியா நடுப்புள்ளியில இழுப்பே இருக்காது."

"ஏன் சார்?"

"எல்லாப் பக்கமும் ஒரே பலத்தோட இழுத்தா, எந்தப் பக்கம் போறது?"

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இடித்தால் இடியே இல்லை என்பது வளையத்தின் நியாயம். இன்றைக்கு மூன்று மருமகளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கு அது இன்னும் நன்றாகப் புரிகிறது.

முதலாளி அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பாய் வரட்டும். கன்னு யாருக்குன்னு அவர் முடிவு பண்ணட்டும்."

ஆக, தேறியது பெட்டி மட்டும்தான். நான் தேற இன்னும் ஆறு நாள் காத்திருந்தேன்.

பாய் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நேராகப் பூத்துக்குள் போனார். கன் அவர் ஆணியில் இருந்தது. நாபைப் பார்த்தார்.

"இது என்ன பொட்டு?"

"உள் வேலைக்கு பாய். நீங்கதானே சொல்லுவீங்க, குரலைத் தாழ்த்தணும்னு. பொட்டிக்கு இன்னும் தாழ்த்தினேன்."

"அறுத்த பொட்டி எங்கே?" எல்லாம் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறார். கொண்டுவந்து காட்டினேன். மூலையில் விரலை வைத்துத் தடவினார். "ஏன் தாழ்த்தணும்னு உனக்கு யார் சொன்னா?"

"ஏன், நீங்களே..."

"எனக்குத் தெரியாது தங்கச்சி. ஷார்ஜாவுல எங்க போர்மேன் அப்படிச் சொல்லிக்கிட்டே அடிப்பாரு. நானும் சொல்லிக்கிட்டே அடிச்சேன். சொல்லாம அடிச்சா சரியா வராது, சொன்னா வரும். அதுக்கு மேல ஒருநாளும் கேட்டதில்ல."

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். நான் நூல் துண்டுகளை மறுபடி ஒட்டி, மின்சாரத்தை ஏற்றிக் காட்டினேன். விளிம்பு நூல்கள் எழுந்து நின்றன. பாய் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பின்சுவரில் தொங்குகிற மூன்று நூலையே பார்த்தார். நாபை அவரே ஏற்றினார். இறக்கினார். மறுபடி ஏற்றினார். குழந்தை மாதிரி.

"சுப்ஹானல்லா" என்றார். "இத்தனை வருஷமா மரியாதைன்னு நெனச்சேன்."

"நானும்தான் பாய்."

வாசலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். பாய் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சொன்னார்: "முதலாளி, வெளி வேலைக்கு நான் போதும். உள் வேலை எல்லாம் இனிமே தங்கச்சிக்கு." சொல்லிவிட்டு வெல்டிங் பக்கம் போய்ச் சுத்தியலும் ஆணியும் வாங்கி வந்தார். அவருடைய ஆணிக்குப் பக்கத்திலேயே, என் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு சாண் கீழே அடித்தார். கேலி பேசின ஆட்கள் எல்லோரும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும்வரை என் கன் அந்த ஆணியில்தான் தொங்கியது. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கன் பிடித்தார்கள்.

பிரபு சார், இவ்வளவுதான் விஷயம். உங்கள் மெஷின் நூறில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை ஒரு நூல்கண்டு எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு பெட்டியை எனக்காகத் தொங்கவிட்டு வையுங்கள், கொக்கியைத் தேய்த்துவிட்டு. பொட்டு அட்டையும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கண்ணாடி ஸ்க்ரீனில் பொட்டு ஒட்டுமா என்று தெரியவில்லை. ஒட்டிப் பார்த்துவிடுவோம்.